சிரைவழி முழு மயக்கம்: பம்ப் காட்டும் எண்ணை நம்பும் தவறுகள்

மயக்க வாயுவின் செறிவை நோயாளி விடும் ஒவ்வொரு மூச்சிலும் அளக்கலாம். சிரைவழி முழு மயக்கத்தில் வாயுவுக்குப் பதில் பம்ப் மூலம் இரத்தக் குழாயில் செலுத்தும் மயக்க மருந்தான புரோபோஃபாலுக்கு அறுவை அரங்கில் அப்படியொரு வழக்கமான அளவீடு இல்லை. பம்ப் திரையில் தெரியும் 'மி.லி.க்கு 4 மைக்ரோகிராம்' என்பது, மருந்து உடலில் எப்படிப் பரவும் என்று கணிக்கும் சூத்திரத்தை (மாடல்) வைத்துக் கணக்கிட்டுச் சொன்ன எண். அதை இரத்தப் பரிசோதனை முடிவுபோல நம்புவதே முதல் தவறு.

இரண்டாவது, மாடலைக் கவனிக்காமல் இலக்கை, அதாவது எட்ட வேண்டிய செறிவை, மட்டும் வைப்பது. 70 கிலோ எடையுள்ளவருக்குப் பிளாஸ்மா (இரத்தத் திரவம்) இலக்கு 4 என்று வைத்தால், மார்ஷ் என்ற மாடல் மையக் கொள்ளளவை (மருந்து முதலில் கலப்பதாகக் கொள்ளும் கன அளவு) ஏறக்குறைய 16 லிட்டராகக் கொண்டு முதலில் 64 மி.கி. செலுத்தும். ஷ்னைடர் என்ற இன்னொரு மாடலில் அந்தக் கொள்ளளவு எல்லோருக்கும் 4.27 லிட்டர்தான், போவது 17 மி.கி. மட்டுமே. திரையில் ஒரே எண், உடலுக்குள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்! மாடல் பெயரை மயக்கப் பதிவேட்டில் எழுதாவிட்டால் இலக்கு எண்ணுக்குப் பொருளே இல்லை. 1%, 2% மருந்துகளைப் பம்பில் மாற்றிப் பதிந்தால் அளவு இரட்டிக்கும் அல்லது பாதியாகும்.

மருந்து உடலுக்குள் போகாமலே பம்ப் ஓடிக்கொண்டிருப்பதுதான் மிக ஆபத்தானது. கானுலா (சிரையில் செருகும் சிறு குழாய்) சிரையிலிருந்து விலகினாலும், இணைப்பு கழன்றாலும் திரை எண் மாறாது. பிரிட்டன், அயர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான தேசியத் தணிக்கையில், சிரைவழி மயக்கத்தில் நோயாளிக்கு எதிர்பாராமல் நினைவு திரும்பியதற்கு, நினைத்த அளவு மருந்து போய்ச் சேராததே முக்கியக் காரணமாக இருந்தது. கானுலா இருக்கும் கையைத் துணிக்குள் மறைக்காதீர்கள். திருகிப் பூட்டும் இணைப்பும், பின்னோட்டத் தடுப்பு வால்வும் கட்டாயம். தசை தளர்த்தி கொடுத்தால் மூளை அலைக் கண்காணிப்பும் வேண்டும். அசையமுடியாதவர் விழித்திருப்பதை வேறெப்படி அறிவது?

மாடல்களைச் சோதிக்கும் ஆய்வுகளில், மருந்து ஏறும் கையிலேயே இரத்தம் எடுத்தால் செறிவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். தொடக்க நிமிடங்களில் தமனி இரத்தமும் சிரை இரத்தமும் ஒத்துப்போகா. அந்நேரத்துக்குத் தமனி மாதிரியே சரி. மாடல் கணித்ததற்கும் அளந்ததற்கும் இடையிலான பிழையின் சராசரியை மட்டும் வெளியிடுவதும் தவறு: ஒருவரிடம் 30% கூடுதல், இன்னொருவரிடம் 30% குறைவு என்றால் சராசரி பூஜ்யம் ஆகிவிடும். பிழையின் குறியை நீக்கிக் கணக்கிட்ட இடைநிலை மதிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முடிக்கும்போது ஒன்று: குழாயில் தங்கிய ரெமிஃபென்டானிலை (புரோபோஃபாலுடன் கொடுக்கும் வீரியமான வலி நீக்கி) கழுவாமல் நோயாளியை வார்டுக்கு அனுப்பக் கூடாது. பிறகு அதே லைனில் யாரேனும் வேறு மருந்தை வேகமாகச் செலுத்தினால், எஞ்சியது மொத்தமாக உள்ளே போய் மூச்சு நின்றுவிடலாம்.