உபின் தீவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

தாத்தா பாட்டி "எங்கள் கம்பத்தில்..." என்று பழைய கிராமத்துக் கதையைத் தொடங்கினாலே பேரப்பிள்ளைகளின் கண் கைத்தொலைபேசிக்குப் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கம்பத்து வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் சிங்கப்பூரின் உபின் தீவுக்கு அழைத்துப் போங்கள். ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர் பரப்பு. தகரக் கூரை, மர வீடு, கிணறு, ஜெனரேட்டர் சத்தம், திண்ணையில் காற்று வாங்கும் முதியவர்கள் எல்லாம் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

முதல் படி: நாள் குறிப்பது

எல்லோரும் சனி, ஞாயிறு பார்த்து நாள் குறிப்பார்கள். நீங்கள் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பார்த்துக் குறியுங்கள். தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா என்ற சதுப்புநிலக் கடலோரம்தான் பயணத்தின் உயிர். கடல் 0.5 மீட்டர் அளவுக்கோ அதற்கும் கீழேயோ வற்றும்போதுதான் அது தன் முகத்தைக் காட்டும். நான் முதல்முறை போனபோது நீர் ஏறிக் கிடந்தது. நகரத்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பார்க்கும் அதே கடலை மூச்சு வாங்க சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பகலில் நீர் வற்றும் நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக் ஜாவாவில் இருக்கும்படி திட்டமிடுங்கள். நடைபாதையில் பழுதுபார்ப்பு நடக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: படகுத்துறை

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ், தெம்பனிசிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜுக்குப் போகும். அங்கே ஸ்ரீ ராமர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உணவங்காடியில் பசியாறிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்துவிடலாம்.

படகுக்கு முன்பதிவும் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சைக்கிள் கொண்டுபோனால் தனிக்கட்டணம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இருப்பவர்கள் சேர்ந்து 48 வெள்ளியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் அக்கரை. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தீவின் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

மூன்றாம் படி: சைக்கிள்

இறங்கியதும் சைக்கிள் கடைகள். முதல் கடையிலேயே காசை நீட்டிவிடாதீர்கள். இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், கால் நுனியாவது தரையைத் தொட வேண்டும். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிச் சங்கிலி உரசுகிறதா என்று கேளுங்கள். தீவில் மேடும் சரளைக்கல்லும் உண்டு. பாதி வழியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டாதீர்கள். ஒரு முறை ஆறு மசால் வடையைப் பிளாஸ்டிக் பையில் மாட்டி சைக்கிளை நிறுத்திவிட்டு, படம் எடுக்கத் திரும்பினேன். காட்டுப்பன்றி ஒன்று வந்து, சைக்கிளைச் சாய்த்து, காகிதத்தோடு விழுங்கிவிட்டுச் சாவகாசமாகப் போனது. குரங்குகளும் இதே வேலையைச் செய்யும், இன்னும் வேகமாக.

நான்காம் படி: செக் ஜாவா

படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். 1930களில் கட்டிய ஆங்கிலேயர் பாணி வீடு ஒன்று முதலில் வரும். உள்ளே கணப்படுப்பு! இந்த வெக்கையில் யார் குளிர்காய்ந்தார்களோ தெரியாது.

சதுப்புநிலப் பாதையில் நின்று ஓர் இடத்தையே இரண்டு நிமிடம் பாருங்கள். வெறும் சேறு என்று தோன்றியது மெல்ல அசையும். விரல் நகமளவு நண்டுகள் வளையிலிருந்து வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதைத் தூக்கித் தூக்கி அசைக்கும், கூட்டத்தில் யாரையோ கூப்பிடுவதுபோல. நீங்கள் கையை ஆட்டினால் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள். வேகமாக நடப்பவர்களுக்கு இது வாய்க்காது. பிறகு 21 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் ஏறுங்கள். மரங்களின் தலைக்கு மேல் நிற்பீர்கள், இருவாய்ச்சிப் பறவையும் கண்ணில் படலாம்.

இந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் இருந்தது. மக்கள் கேட்டுக்கொண்ட பிறகு, 2001 டிசம்பரில் அரசு அதைத் தள்ளிவைத்தது.

ஐந்தாம் படி: மேற்குப் பக்கம்

நேரமும் காலும் இடம் கொடுத்தால் மட்டும். வழியில் தெரியும் நீர் நிறைந்த பள்ளங்கள் பழைய கருங்கல் குவாரிகள். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலம் கட்ட இங்கிருந்தும் கல் போயிருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் இந்தப் பக்கம் ‘ஜெர்மன் பெண்’ கோயில் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரின்போது காப்பித் தோட்டத்து ஜெர்மன் குடும்பத்தைப் பிடிக்க ஆங்கிலேயர் வந்ததாகவும், மகள் தப்பி ஓடி விழுந்து இறந்ததாகவும் கதை. பீடத்தில் பார்பி பொம்மை. காணிக்கையாக வாசனைத் திரவியம், நகச்சாயம், கண்ணாடி. நம் ஊரில் அகாலத்தில் இறந்த கன்னிக்கு வளையலும் மஞ்சளும் படைப்பார்களே, அதே மனசு. சிரிக்காமல், பொருள்களைத் தொடாமல் நில்லுங்கள்.

ஆறாம் படி: திரும்புதல்

ஐந்து மணிக்குள் கிராமத்துக்கு வந்து சைக்கிளை ஒப்படையுங்கள். கூத்து மேடையையும் எதிரே உள்ள தோ பே கோங் என்ற சீனத் தெய்வத்தின் கோயிலையும் பாருங்கள். பௌத்தர்களின் விசாக தினத்தை ஒட்டிப் போனால் அந்த மேடையில் சீனக் கூத்தே பார்க்கலாம். ஓர் இளநீர் வாங்கிக் குடியுங்கள். வீடுகளைப் படமெடுக்கும்முன் வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள், தலையசைத்தால் எடுங்கள்.

இருட்டும்வரை நின்றுவிடாதீர்கள். மாலையில் 12 பேர் சேர நேரமாகும்.