அரிய மரபணு நோயா? சிறப்பு மையத்துக்குக் கிளம்பும் முன்

என் மகளுக்கு கோஷே (Gaucher) நோய், டைப் 1. உடம்பில் ஒரு நொதி (என்சைம்) போதாமல் போவதால் ஒருவகைக் கொழுப்பு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த நொதியை டிரிப்ஸில் ஏற்றுகிறோம். இந்த மாதிரி நோய் என்று டாக்டர் சொன்னதும் யார் யார் மூலமாகவோ என் நம்பர் கிடைத்துப் பலர் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021 மார்ச்சில் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி நாடு முழுவதும் சில அரசு மருத்துவமனைகள் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டன. முதலில் எட்டு: டெல்லியில் எய்ம்ஸும் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும், பிறகு லக்னோ, சண்டிகர், ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, பெங்களூரு. நம் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அப்புறம் சேர்ந்தவை. நோயைக் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, இந்தத் திட்டத்தின் பணம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மையத்தில் பதிந்தே ஆக வேண்டும்.

எந்த மையம்? கொள்கை சொல்வது ‘அருகிலுள்ள மையம்’. தமிழ்நாட்டுக்காரர் என்பதால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நாகர்கோவில். எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், அங்கேதான் பதிந்தோம். செங்கோட்டைக்காரர்களும் இதை யோசிக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு. நொதி ஏற்றுவது என்றால் மாதம் இரண்டு தடவை, வருஷம் முழுக்கப் போக வேண்டும். குழந்தை பஸ்ஸில் எவ்வளவு நேரம் தாங்கும், அப்பா அம்மாவில் யார் லீவு போட முடியும் என்று பார்த்து முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் முன்னாடியே விசாரியுங்கள்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாதிரி மாநில அரசு உதவிகள் எல்லை தாண்டினால் கிடைக்குமா என்று. ஒவ்வொரு மையத்திலும் இதற்கென்று ஒரு பொறுப்பு டாக்டர் உண்டு, நோடல் ஆபீசர் என்பார்கள். கிளம்பும் முன் அவர் ஓ.பி. பார்க்கும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற நாளில் போய்க் காத்திருப்பது வீண்.

இனி ஃபைல். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். மையம் என்று சொன்னாலும் ஊர் டாக்டர், லேப், மையம் மூன்றும் தாங்களாகவே ரிப்போர்ட்டைப் பரிமாறிக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது நீங்கள்தான். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள், பழையது கீழே, புதியது மேலே. மேலே ஒரே ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். குழந்தையின் பிறந்த தேதி, இன்றைய எடை, உயரம், முதல் அறிகுறி வந்த வயது, இதுவரை எங்கெங்கே அட்மிட் ஆனது, ரத்தம் ஏற்றியிருந்தால் கடைசியாக ஏற்றிய தேதி. இந்தத் தேதி முக்கியம், ஏற்றிய ரத்தம் நொதிப் பரிசோதனையின் முடிவைக் குழப்பலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் நகல்கள் தனிக் கவரில் இருக்கட்டும்.

மரபணு ரிப்போர்ட்டில் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ (ஆங்கிலத்தில் VUS) என்று போட்டிருந்தால் அதுதான் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நொதி அளவும் அறிகுறிகளும் சேர்ந்துதான் தீர்ப்பு. லேபில் ரிப்போர்ட் தாளோடு மூலத் தரவுக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி அலசிப் பார்க்க அது உதவும், இன்னொரு டெஸ்டுக்குப் பணம் கட்டாமல் தப்பிக்கலாம்.

நோய் இன்னும் உறுதியாகவில்லை, வயிறு வீங்குகிறது, ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைகிறது, காரணம் தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றால், “முதலில் கோஷேக்கான நொதிப் பரிசோதனை செய்துவிடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். கோஷேயில் மண்ணீரலை எடுத்துவிட்டால் பின்னால் எலும்புத் தொந்தரவு கூடும். பரிசோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. தனி ஃபில்டர் தாளில் வட்டம் வட்டமாகக் குறித்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் வட்டம் நிறையும்படி விழ வேண்டும். வெயிலில் வைக்காமல், விசிறிக் காற்றோ ஹேர் டிரையரோ காட்டாமல் சில மணி நேரம் தானாகக் காய விட்டு லேபுக்கு அனுப்புவார்கள். அதில் நொதி குறைவாக வந்தால் முழு ரத்தத்தில் வெள்ளணுவை எடுத்து மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள்.

பணத்துக்கு வருவோம். கொள்கை நோய்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ஒரே தடவைச் சிகிச்சையில் சரியாகக்கூடியவை முதல் பிரிவு. சிறப்பு உணவு மாதிரி, ஓரளவு குறைந்த செலவில் நெடுங்காலம் தொடர வேண்டியவை இரண்டாவது. கோஷே, பாம்பே (Pompe, இதுவும் நொதிக் குறைபாடு), எஸ்.எம்.ஏ. (தசைகள் பலமிழக்கும் நோய்) போல மருந்து இருந்தும் விலை எட்டாதவை மூன்றாவது. ஆரம்பத்தில் முதல் பிரிவுக்கு மட்டும் 20 லட்சம் என்று இருந்தது. 2022-இல் எந்தப் பிரிவானாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று மாற்றினார்கள். அந்தப் பணம் மையத்துக்குப் போகும், உங்கள் கணக்குக்கு வராது. மையத்தின் குழு உங்கள் ஃபைலைப் பார்த்துப் பரிந்துரைத்த பிறகுதான் மருந்து வாங்குவார்கள்.

அந்த 50 லட்சம் வருஷத்துக்கு அல்ல, மொத்தத்துக்கும் உச்சவரம்பு. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டிய பிள்ளைக்கு இது போதாது, இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 60 யூனிட் என்று டாக்டர் எழுதினால் 18 கிலோ குழந்தைக்கு 1,080 யூனிட். ஒரு குப்பி 400 யூனிட், ஆக மூன்று குப்பி. 20 கிலோ வரை மூன்றில் ஓடும், 21 கிலோ ஆனால் நான்காவதைத் திறக்க வேண்டும். பிள்ளை வளர்வது சந்தோஷம், ஆனால் நிதி அதே வேகத்தில் கரையும். அதனால் முதல் குப்பி ஏறும்போதே அடுத்த வழியைத் தேடத் தொடங்குங்கள். மருந்து நிறுவனங்கள் நடத்தும் இலவச உதவித் திட்டத்துக்கு மையத்து டாக்டர் கடிதம் தருவாரா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சகத்தின் நன்கொடை இணையதளத்தில் பிள்ளையின் விவரத்தை ஏற்றச் சொல்லுங்கள், அதையும் மையம்தான் செய்யும். வெளிநாட்டிலிருந்து நீங்களே மருந்தோ சிறப்பு உணவோ வரவழைப்பதானால், கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி கிடையாது. அதற்கு அரசு மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். இறக்குமதிக்குத் தனி அனுமதியும் வேண்டும், படிவம் 12ஏ-வில் விண்ணப்பித்தால் 12பி-யில் கிடைக்கும்.

மருந்து ஏற்றும் இடம் பற்றி. முதல் சில தடவை மையத்திலேயே ஏற்றுவது நல்லது, ஒவ்வாமை வந்தால் பார்க்க ஆள் இருக்கும். பிறகு வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏற்றலாமா என்று கேளுங்கள். எங்களுக்கு மையத்து டாக்டர் முறையை எழுதியே கொடுத்தார். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஐஸ் பெட்டியில் ஜெல் பேக் நேராகக் குப்பியில் படாமல் நடுவே துணி வைப்பேன். தூளைக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது, மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். புதிதாக வரும் நர்ஸிடம் இதை நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், அவர்களும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு குழந்தை வேண்டுமென்று நினைத்தால், கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள். “சொந்தத்தில் கல்யாணமா?” என்று கேட்பார்கள். குடும்ப மரம் வரையத்தான் கேட்கிறார்கள், தயங்காமல் சொல்லுங்கள். கோஷே போன்ற நோயில் அப்பா அம்மா இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்த பிள்ளையின் மரபணு மாற்றம் என்னவென்று தெரிந்திருந்தால்தான் 11, 12-ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். ஏற்கெனவே இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், அந்த ஃபில்டர் தாள் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.