மணல் பறிக்க முன் டிப்பரை அளந்து பாருங்கள்

டிப்பர் மணலைப் பறிக்க முன், பெட்டியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் எத்தனை கியூப் என்று தெரிந்துவிடும். மேசன்மார் சொல்லும் 1 கியூப் என்பது 100 கன அடி, கன மீற்றர் அல்ல. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 1.8 கியூப்தான், 2 கியூப் என்று காசு கொடுத்தால் 20 கன அடி நட்டம். மேலே குவிந்திருந்தால் முதலில் மட்டப்படுத்தச் சொல்லுங்கள், சாரதி முகம் சுளித்தாலும் சரி.

மாரியில் இந்தக் கணக்கு அவ்வளவாகச் சரிவராது. இலேசாக ஈரமான மணல் ஊதி நிற்கும். காய்ந்ததும் அளவு குறைந்துவிடும். நிலத்தில் பறித்த குவியலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.