கிராஃப் வரவில்லை, சயாமா

சனி, ஞாயிறு சாயங்காலம் ரங்கூனில் எங்கள் வீட்டு மாடியில் பதினொரு பிள்ளைகளுக்குக் கணக்கும், கணக்குப் போட்டு கிராஃப் வரையும் மென்பொருளான ஆக்டேவும், பைதான் நிரல் மொழியும் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், பாடப் புத்தகத்தில் இங்கிலீஷ் என்று வளர்கிறவர்கள். எல்லாருடையதும் இரண்டு கை மாறி வந்த லேப்டாப். வார நாட்களில் எனக்கு வரும் போனில் பாதி ஒரே செய்தி: "கிராஃப் வரவில்லை, சயாமா." சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்.

போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், தப்பு கணக்கிலா, படத்தைத் திரையில் காட்டும் ஜன்னலிலா என்று பிரியுங்கள். இதைச் செய்யாமல் மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இங்கே ஒரு டவுன்லோடு எத்தனை மணி நேரம், எவ்வளவு டேட்டா காசு என்று எனக்குத் தெரியும்.

ஆக்டேவில் 'குளோஸ் ஆல்' கொடுத்துத் திறந்திருக்கும் படங்களை மூடுங்கள். பிறகு, படம் வரையும் கருவியை மாற்றுகிற 'கிராஃபிக்ஸ் டூல்கிட்' என்ற கட்டளை; இரண்டு சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு. அதன் பின்னால் இடம் விட்டு 'நூபிளாட்'. உச்சரிப்பு நூபிளாட்தான், ஆனால் எழுதும்போது முதலில் 'ஜி' வரும். இப்போது படத்தை வரைந்து, 'பிரிண்ட் படம் டாட் பிஎன்ஜி' என்று கோப்பாகச் சேமியுங்கள். கோப்பைத் திறந்தால் வளைகோடு இருக்கிறதா? அப்படியானால் உங்கள் கணக்கும் ஆக்டேவும் நலம். நோய் ஓப்பன்ஜிஎல் பக்கம், அதாவது கிராஃபிக்ஸ் சில்லை இயக்கிப் படம் வரையும் டிரைவர் பக்கம்.

டூல்கிட்டை மாற்றாமல் நேராகச் சேமித்துப் பார்த்தால் என்ன என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. வழக்கமான க்யூட்டி டூல்கிட் கோப்பில் வரைவதற்கும் ஓப்பன்ஜிஎல்லைத்தான் நம்புகிறது. அது கெட்டிருந்தால் ஜன்னலும் வெள்ளை, கோப்பும் வெள்ளை. பழி கணக்கின் மேல் விழும். நூபிளாட் தனி நிரல், அதற்கு ஓப்பன்ஜிஎல் வேண்டாம். குளோஸ் ஆல் ஏன் என்றால், ஏற்கெனவே திறந்த படம் பழைய டூல்கிட்டிலேயே இருக்கும்.

நூபிளாட்டிலேயே தங்கிவிடவும் வேண்டாம். புதிய ஆக்டேவே அதை ஊக்குவிக்கவில்லை என்று எச்சரிக்கை காட்டும். படத்தை மவுஸால் மூடினால் அது ஆக்டேவுக்குத் தெரியாது. லினக்ஸ் என்றால் டெர்மினலில் 'லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர்' என்பதைப் பெரிய எழுத்தில், அடிக்கோடுகளுடன், சமக்குறி 1 போட்டு, இடம் விட்டு அதே வரியில் ஆக்டேவைத் திறங்கள். கிராஃபிக்ஸ் சில்லை விட்டுவிட்டு பிராசசரே படத்தை வரையும். மெதுவாக வரும், ஆனால் வரும். விண்டோஸ் என்றால் லேப்டாப் கம்பெனியின் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

சேமித்த கோப்பிலும் அச்சுகள் மட்டும் வந்து உள்ளே காலியாக இருந்தால் தப்பு கணக்கில். என் வகுப்பில் அதிகம் பார்ப்பது இது: ஃபார் லூப்புக்குள் ஒவ்வொரு புள்ளியாக பிளாட் செய்வது. கோடு வரைய இரண்டு புள்ளி வேண்டும். ஒற்றைப் புள்ளிக்கு நீங்கள் குறி எதுவும் கேட்காவிட்டால் திரையில் ஒன்றும் விழாது. மதிப்புகளை ஒரு வரிசையாகச் சேர்த்து, லூப்புக்கு வெளியே ஒரே தடவை வரையுங்கள்.

பைதானில் இந்தப் பிரிப்பு சுலபம். படம் வரையும் லைப்ரரியான (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) மேட்பிளாட்லிப்பில் 'ஷோ'வுக்குப் பதில் 'சேவ்ஃபிக்' கொடுங்கள். கோப்பு வந்து ஜன்னல் வராவிட்டால், படத்தை வரைவது எந்தப் பேக்எண்ட், அதாவது எந்தப் பின்னணிக் கருவி என்று 'கெட் பேக்எண்ட்' கேட்டுப் பாருங்கள். 'ஆக்' என்று பதில் வந்தால் ஜன்னல் திறக்கவே தெரியாத பேக்எண்ட் அது. உபுண்டுவில் பெரும்பாலும் 'பைதான்3-டிகே' பொதியை ஏற்றினால் தீர்ந்துவிடும்.

அடுத்தது லைப்ரரி சண்டை. இதில் நான் கண்டது ஒன்றே: ஒரே பெயரில் இரண்டு பிரதி இருக்கிறது, நீங்கள் நினைக்காத பிரதி ஓடுகிறது. அதனால் எதையும் ஏற்றும் முன், ஓடுவது எது என்று கேளுங்கள். ஆக்டேவில் 'விச் பிளாட்'. பைதானில் எண் வரிசைகளுக்கான லைப்ரரியான நம்பையை இம்போர்ட் செய்து 'நம்பை டாட் ஃபைல்' என்று பிரிண்ட் செய்யுங்கள். ஃபைலின் இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு. லினக்ஸ் டெர்மினலில் 'டைப் -ஏ', விண்டோஸ் கட்டளைத் திரையில் 'வேர்'; பின்னால் நிரலின் பெயர். பதிலில் வரும் முகவரியை நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு தம்பிக்கு எந்தப் படமும் வரவில்லை. 'விச் பிளாட்' கேட்டால் அவனுடைய வீட்டுப்பாட ஃபோல்டரைக் காட்டியது. பாடத்துக்கு 'பிளாட் டாட் எம்' என்று பெயர் வைத்திருந்தான். ஆக்டேவ் தன்னுடைய பிளாட்டை விட்டுவிட்டு அவனுடையதை எடுத்துக் கொண்டது. பெயரை மாற்றினோம், முடிந்தது. பைதானில் 'நம்பை டாட் பிஒய்' என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

லினக்ஸில் 'ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 கிடைக்கவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால் பயப்பட வேண்டாம். அது சி பிளஸ் பிளஸ் லைப்ரரியின் பதிப்பு எண், ஜிசிசி கம்பைலரின் 12ஆம் பதிப்போடு வந்தது. நிரல் புதியது, அதற்குக் கிடைத்த சி பிளஸ் பிளஸ் லைப்ரரி பழையது. புதிய லைப்ரரிக்குள் பழைய எண்களும் இருக்கும், பழையதற்குள் புதியது இருக்காது. ஆகவே புதிய பிரதி முதலில் கண்ணில் படும்படி செய்தால் போதும். பழைய அனகோண்டாவோ (பைதான் தொகுப்பு) வேறு கணித மென்பொருளோ தன்னோடு கொண்டுவந்த பிரதியை, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'எல்டி லைப்ரரி பாத்' முன்னால் நிறுத்தியிருக்கும். 'எல்டிடி' கட்டளை எந்தப் பிரதி ஏறுகிறது என்று வரி வரியாகக் காட்டும். டெர்மினல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய அந்த பாத் வரியை எடுத்துவிட்டுப் புது டெர்மினலைத் திறங்கள்.

நம்பை 2.0 வெளிவந்தது 2024 ஜூனில். நம்பை 1இல் கட்டிய லைப்ரரி 2இல் ஓடாது என்ற செய்தி வந்தால், அந்த லைப்ரரியைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் நம்பையை 2க்குக் கீழே நிறுத்துங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 'பைதான் -எம் வென்வ்' போட்டுத் தனி அறை கொடுங்கள். அதற்குள்ளே லைப்ரரி ஏற்றும் கட்டளையை வெறும் 'பிப்' என்று கொடுக்க வேண்டாம், 'பைதான் -எம் பிப்' என்றே அழையுங்கள். அப்போதுதான் எந்தப் பைதானில் ஏறுகிறது என்று சந்தேகம் வராது.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு. பிப் பழையதை எடுத்துப் புதியதை வைக்கிற நேரத்தில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்துவிடும். பாதியில் நின்ற லைப்ரரி 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரில் முதல் எழுத்து போய், அந்த இடத்தில் ஒரு அலைக்குறியோடு கிடக்கும். பிப் ஒவ்வொரு தடவையும் 'செல்லாத பொதி' என்று புலம்பும். அந்த அலைக்குறி ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, அந்த லைப்ரரியைத் திரும்ப ஏற்றுங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் ஏற்றவே தொடங்காதீர்கள்.

இன்னொன்று பென்டிரைவ். விண்டோஸ் ஒரு டிஎல்எல் (நிரலுக்கு வேண்டிய லைப்ரரி கோப்பு) இல்லை என்று சொன்னதும், நண்பன் லேப்டாப்பிலிருந்து அதை எடுத்து வந்து போடுகிறீர்கள். டேட்டா மிச்சம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நிரல் தன் சொந்த ஃபோல்டரில்தான் முதலில் தேடும். அங்கே நீங்கள் போட்டது 32 பிட், நிரல் 64 பிட் என்றால், 'சி'யில் தொடங்கி '7பி'யில் முடியும் ஒரு பிழை எண்ணோடு திறக்கவே மறுக்கும். ஒட்டிய கோப்பை எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் கொண்டு வருவதானால் முழு இன்ஸ்டாலரையே கொண்டு வாருங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, வந்து எடுத்துக் கொள்ளலாம்.

கடைசியாக, படத்தில் நம் எழுத்து. தலைப்பில் கட்டம் கட்டமாக வந்தால் அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' கொடுங்கள். எழுத்து வந்தும் 'கே'யின் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் ஃபான்ட்டைக் குறை சொல்லாதீர்கள், வரைகிற நிரல் எழுத்தைக் கோக்கவில்லை. என்னிடம் இருக்கும் மேட்பிளாட்லிப் அப்படித்தான் செய்கிறது. நூபிளாட்டில் 'செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ' கொடுத்தால் கொம்பு சரியான இடத்தில் நிற்கும். பர்மிய எழுத்து சிதறினால், மூலத்தைப் பாருங்கள்: 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறுவதற்கு முன் ஜோஜி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் தட்டிய கோப்பாக இருக்கலாம். அதை மாற்றிவிட்டுத்தான் படத்தில் ஒட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். 'விச்' சொன்ன முகவரியையும் சிவப்பில் வந்த முதல் வரியையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசி வரி அல்ல, முதல் வரி.