திரைவாசிப்பானுடன் முதல் சில நாட்கள்

பார்வையற்ற ஒருவர் கைபேசியையோ கணினியையோ கையாளத் தொடங்கும்போது, பேசிக்கொண்டே போகும் குரலை நிறுத்துவது எப்படி என்பதையே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களையும் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான், நிறுத்தத் தெரியாதவருக்குப் பத்தே நிமிடத்தில் வெறும் இரைச்சலாகிவிடும். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரிலும், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கின் அண்மைய பதிப்புகளிலும், இரண்டு விரல்களால் ஒருமுறை தட்டினால் பேச்சு நிற்கும். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் பேசும்போது கன்ட்ரோல் விசையை அழுத்தினால் போதும்.

ஆண்ட்ராய்டில் டாக்பேக்கை அமைப்புகளில் உள்ள அணுகல் வசதிகள் பகுதியில் இயக்கலாம். குறுக்குவழியை ஒருமுறை அமைத்துவிட்டால், ஒலியளவு விசைகள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்து அழுத்தினாலே அது இயங்கவும் அணையவும் செய்யும். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்துவதற்கு இதே வேலையை ஒதுக்கி வைக்கலாம்.

இயங்கத் தொடங்கியதும் தொடுதலின் இலக்கணமே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் விரலுக்கடியில் இருப்பதன் பெயர் மட்டும் வாசிக்கப்படும். அதைத் திறக்க, திரையின் எந்த இடத்திலாவது இருமுறை தட்ட வேண்டும். வலப்புறம் விரலை வழித்தால் அடுத்த உருப்படிக்கும், இடப்புறம் வழித்தால் முந்தையதற்கும் செல்லலாம். திரையை நகர்த்த டாக்பேக்கில் இரண்டு விரல்களும், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல்களும் தேவை. பார்வையுள்ள உறவினர் இந்தக் கைபேசியை வாங்கி வழக்கம்போல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போய்விட்டது" என்று திருப்பித் தருவது அடிக்கடி நடக்கும். உதவ விரும்புவோர் கைபேசியை வாங்கிக்கொள்ளாமல், சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. சைகைகள் கற்பவரின் விரலுக்குத்தான் பழக வேண்டும்.

சில செயலிகளில் பொத்தானுக்குப் பெயரே இராது. "பொத்தான்" என்று மட்டும் கேட்கும். இது செயலியை உருவாக்கியவரின் கவனக்குறைவு, பயன்படுத்துபவரின் பிழையன்று. டாக்பேக், வாய்ஸ்ஓவர் இரண்டிலும் அத்தகைய பொத்தானுக்கு நாமே ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. கடவுச்சொல் உள்ளிடும் வேளையில் காதொலிப்பானை அணிவதும், ஐபோனில் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டித் திரையை இருளாக்கிக்கொள்வதும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து பாதுகாப்புத் தரும்.

ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குத் திரைவாசிப்பான் கட்டாயமன்று. விண்டோஸில் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். விண்டோஸ் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் விலகும்.

கணினிக்கு வருவோம். 2006-இல் தொடங்கப்பட்ட என்விடிஏ கட்டணமற்ற, திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். நிறுவிய பின் கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும். இன்சர்ட்டும் மேல்வரிசையின் ஒன்று எண்ணும் சேர்ந்தால் பயிற்சி நிலை தொடங்கும்; அப்போது எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரும் பயனும் மட்டும் சொல்லப்படும், வேறொன்றும் நிகழாது. முதல் இரண்டு நாட்களை இந்த நிலையிலேயே கழிப்பதில் தவறில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் இணையப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுவதும் கேட்டே களைத்துவிடுகிறார்கள். கண் ஒரு பக்கத்தை மேய்வதுபோலக் காதால் மேய முடியாது. ஆகவே தாவிச் செல்லப் பழக வேண்டும். ஒரு செய்திப் பக்கத்தில் எச் விசையைத் தட்டத் தட்ட, பட்டியல்களையும் விளம்பரங்களையும் கடந்து தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போகலாம். வேண்டிய தலைப்பு வந்ததும் கீழ் அம்புக்குறியால் வரிவரியாகப் படிக்கலாம். இணைப்புகளுக்குக் கே விசை, பொத்தான்களுக்குப் பி, படிவத்தில் நிரப்ப வேண்டிய இடங்களுக்கு எஃப். பேச்சின் வேகத்தை வாரத்துக்குச் சிறிதளவு கூட்டிவந்தால், அருகில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்திலும் தெளிவாகக் கேட்கப் பழகிவிடும்.

தமிழில் படிக்க, கைபேசியின் உரையிலிருந்து பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் குரல் இயந்திரத்தனமாக ஒலித்தாலும் தமிழை வாசிக்கும், தாமதமின்றிப் பதிலளிக்கும். ஆனால் ஆவணம் ஒருங்குறியில் (யூனிகோடு என்னும் பொது எழுத்துக் குறியீட்டு முறையில்) இருந்தால்தான் இது பலிக்கும். ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய "அம்மா" திரையில் சரியாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் உளறும். அத்தகைய கோப்பை எழுத்துரு மாற்றியின் வழியே ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் என்றால் அது வெறும் படம். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகள் பிரித்தெடுக்கப்படும், பழைய அச்சாக இருந்தால் சற்றுப் பிழைகளோடு.