டிரங்குப் பெட்டியில் கிடக்கும் போர்க்கால நாணயங்களை உலோகம் பார்த்துப் பிரிப்பது எப்படி?

கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கம் பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தால் அணாக்களும் சிலோன் சதங்களும் கலந்தே கிடக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்து மிச்சம் அது. இரண்டாம் உலகப் போரில் செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிலுக்குப் போக, வெள்ளியை மக்கள் பதுக்கிவிட, நாணயத்தின் உலோகமே மாறிப்போனது. வியாபாரியிடம் கொண்டுபோகுமுன் நீங்களே பிரித்துவிடலாம்.

0.01 கிராம் காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம், தங்கூசி நரம்பு (மெல்லிய நைலான் தூண்டில் இழை), கண்ணாடித் தம்ளர் போதும்.

முதலில் காந்தம். 1946, 1947 அரை ரூபாயும் கால் ரூபாயும், 1947 ஒரு ரூபாயும் சுத்த நிக்கல்; சட்டென்று ஒட்டும். தனியே வையுங்கள். வெள்ளி ஒட்டாது.

அடுத்து சில்லறை. இரண்டணா, ஓரணா, அரையணா மூன்றும் 1942 முதல் 1945 வரை நிக்கல் பித்தளை: செம்பு 79, துத்தநாகம் 20, நிக்கல் 1 சதவீதம். அதற்கு முந்தைய இரண்டணா, ஓரணாவும், 1946, 1947-ல் மூன்றுமே செம்பு 75, நிக்கல் 25 கலந்த வெள்ளை நிறம். நம் கடற்காற்றில் மஞ்சள் கறுத்துவிடும் என்பதால் நிறத்தைவிட ஆண்டையே நம்புங்கள். காலணாவில் சிரமமே இல்லை. 1942 வரை 25.4 மில்லிமீட்டர் அகலம், 4.86 கிராம், 1943 முதல் நடுவே ஓட்டை போட்டு, கிட்டத்தட்ட 2 கிராம்தான். செம்பு மிச்சம்.

சிலோன் காசிலும் இதே கதை. சதுர ஐந்து சதம் 1942-ல் நிக்கல் பித்தளையானது, 1944-ல் இன்னும் மெலிந்தது. பத்து சதம் 1944-ல் வெள்ளியை விட்டு, நெளிவிளிம்புள்ள நிக்கல் பித்தளையானது.

காசு மதிப்பு உள்ள இடம் வெள்ளி ரூபாய்தான். பழையது 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி, மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. இரண்டுமே 11.66 கிராம், ஆகையால் எடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விளிம்பைப் பாருங்கள்: பழையதில் வெறும் கோடுகள், புதியதில் நடுவே பள்ளமாக ஓடும் பாதுகாப்பு விளிம்பு. 1940 கால் ரூபாய் இரண்டு தரத்திலும் உண்டு.

விளிம்பு தேய்ந்திருந்தால் நீர்ச் சோதனை. தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தைத் தங்கூசியில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக விடுங்கள். தராசு 1.13 கிராம் காட்டினால் பழைய வெள்ளி, 1.22 என்றால் போர்க்காலம். காந்தத்தில் ஒட்டாத ரூபாய் 1.3-ஐத் தாண்டினால் போலி என்றே சந்தேகப்படுங்கள். தேய்ந்த ரூபாயாக இருந்தால், அதன் எடையைத் தராசு நீரில் காட்டிய எண்ணால் வகுங்கள்: 10.3 பக்கம் வந்தால் பழையது, 9.5 பக்கம் வந்தால் பாதி வெள்ளி. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிதான் அதிகம் கெடுக்கும். எண் கூடி, நல்ல வெள்ளியே மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். கால் ரூபாயில் வித்தியாசம் 0.03 கிராமுக்கும் குறைவு, ஆகவே ஒரே வகையில் நாலைந்தைச் சேர்த்துப் பாருங்கள்.

புளி போட்டுத் தேய்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அமிலம் பித்தளையின் துத்தநாகத்தை அரித்து மேலே இளஞ்சிவப்பாக்கிவிடும், விலை பாதியாகும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் உவர்ப்பு; கழுவ பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் மேல். துடைத்து முழுதாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறை வேண்டாம், கொஞ்ச நாளில் பச்சைப் பசை கசியும். ஓட்டைக் காலணாவில் பொடியாக உதிரும் வெளிர்பச்சை தெரிந்தால், அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள்.