வத்திக்கானில் லூசிபரைக் கும்பிடுகிறார்களா? வீடியோவை நீங்களே சோதிக்கும் முறை

போன வருஷம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்த வாரம் அத்தை போன் செய்தார். ஒவ்வொரு பாஸ்கா இரவும் கையில் மெழுகுதிரியோடு கோவிலில் நிற்பவர். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார். ரோமில், புனித பேதுரு பேராலயத்தில், திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) ஒருவர் லத்தீனில் பாடுகிறார். கீழே பெரிய எழுத்தில், “லூசிபரை அழைக்கிறார்கள், கிறிஸ்து லூசிபரின் மகனாம்!” என்று போட்டிருந்தது. “இத்தனை வருஷமா நான் யாருக்குடா திரி பிடிச்சேன்?” என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

லூசிபர் என்பது இன்று பலர் சாத்தானுக்குச் சொல்லும் பெயர். இந்த வீடியோ பல வருஷமாகச் சுற்றுகிறது. இதைச் சோதிக்க லத்தீன் புலமை தேவையில்லை. ஒரு போனும் வீட்டில் இருக்கும் பைபிளும் போதும்.

படி 1: குற்றச்சாட்டைப் பிரித்து எழுதுங்கள்

இங்கே இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, “லூசிபர்” என்ற சொல் பாடப்படுகிறது. இரண்டு, அது சாத்தானைக் குறிக்கிறது. முதலாவது உண்மை. “அப்படி ஒரு சொல்லே இல்லை, வீடியோ போலி” என்று அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பொய்யும் பொய்தான். சோதிக்க வேண்டியது இரண்டாவதை மட்டும்.

படி 2: முழு உரையைத் தேடி எடுங்கள்

பாட்டின் பெயர் எக்சுல்தெத், தமிழில் பாஸ்கா புகழுரை. பாஸ்கா திரியை ஏற்றிக் கோவிலுக்குள் கொண்டுவந்த பிறகு பாடுவது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. லத்தீன் உரை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். வத்திக்கான் இணையதளத்திலும் பாஸ்கா இரவு வழிபாட்டுக்கான கையேட்டைத் தேடிப் பாருங்கள். முழுப் பாட்டு ஏறக்குறைய பத்து நிமிஷம். அத்தைக்கு வந்த துண்டு அரை நிமிஷம்கூட இல்லை.

படி 3: வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் படியுங்கள்

முக்கியமான வேலை இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். வீடியோ தொடங்கும் வரி, “ஃபிளாம்மாஸ் ஏயுஸ் லூசிஃபெர் மாத்தூத்தீனுஸ் இன்வேனியாத்”. அதாவது, “விடிகாலை விடிவெள்ளி இதன் சுடரைக் காணட்டும்.” ‘இதன்’ என்றால் திரியின். விடியும்வரை திரி அணையாமல் எரியட்டும் என்ற வேண்டுதல் அது. அடுத்து, “ஒருபோதும் மறையாத அந்த விடிவெள்ளியைச் சொல்கிறேன்” என்று வருகிறது. அப்புறம், “உம் மகன் கிறிஸ்து”.

யாருடைய மகன்? வீடியோவில் அது தெரியாது. சற்று மேலே போனால் “ஓராமுஸ் எர்கோ தே, தோமினே” என்று இருக்கும்: “ஆகவே ஆண்டவரே, உம்மை வேண்டுகிறோம்.” பேச்சு முழுவதும் தந்தையாகிய கடவுளோடு நடக்கிறது. ‘உம்’ என்பது அவரைத்தான். மறையாத விடிவெள்ளி கிறிஸ்துவேதான். அந்த மேல் வரியை விட்டுவிட்டு வெட்டினால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது.

படி 4: சொல்லின் வயதைப் பாருங்கள்

லத்தீனில் லூசிபர் என்றால் ஒளியைக் கொண்டுவருவது, அதாவது விடிவெள்ளி. வுல்காத்தா என்ற பழைய லத்தீன் பைபிளில் ஏசாயா 14:12-இல் இந்தச் சொல் இருக்கிறது. வீழ்ந்த பாபிலோன் ராஜாவை ஏளனம் செய்யும் பாட்டு அது. 4ஆம் வசனமே அப்படிச் சொல்கிறது. அதைச் சாத்தானின் வீழ்ச்சியோடு சேர்த்துப் படித்ததால், காலப்போக்கில் அவனுக்கு அது பெயராகிவிட்டது. ஆனால் அதே வுல்காத்தாவில் 2 பேதுரு 1:19-இலும் லூசிபர்தான், அங்கே நல்ல பொருளில். 4ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சார்தீனியா தீவில் லூசிபர் என்ற பெயரிலேயே ஓர் ஆயர் (பிஷப்) இருந்தார்!

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள், ஏசாயாவில் லூசிபர் என்று அப்படியே விட்டுவிட்டு, பேதுருவில் மட்டும் மொழிபெயர்த்தது. அதைப் படிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியில்லை. தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. பழைய தமிழ் பைபிளில் ஏசாயா 14:12-இல் “அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே”. 2 பேதுரு 1:19-இல் “விடிவெள்ளி”. வெளிப்படுத்தல் 22:16-இல் இயேசு தம்மையே விடிவெள்ளி நட்சத்திரம் என்கிறார். வீடியோவை அனுப்பியவர் வீட்டிலும் பெரும்பாலும் இதே பைபிள்தான் இருக்கும்.

படி 5: பெயரை வைத்து வரும் மற்ற வதந்திகளுக்கும் இதே வழி

“வத்திக்கானிடம் லூசிபர் என்ற தொலைநோக்கி இருக்கிறது” என்பார்கள். அரிசோனாவின் கிரஹாம் மலையில் வத்திக்கானுக்கு 1.8 மீட்டர் தொலைநோக்கி ஒன்று உண்டு. லூசிபர் என்பது அதே மலையில் உள்ள வேறொரு பெரிய தொலைநோக்கியில், ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள் செய்து பொருத்திய அகச்சிவப்புக் கருவியின் சுருக்கப் பெயர். பின்னாளில் அதை லூசி என்று சுருக்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்ததும் அது யாருடையது என்று தேடுங்கள், அவ்வளவுதான்.

படி 6: பதில் போடும்போது

நீளமாக எழுதாதீர்கள், அனுப்பியவரைத் திட்டாதீர்கள். வெட்டுப்பட்ட மேல் வரியின் படத்தையும் ஒரு வசனத்தையும் அனுப்புங்கள். அனுப்பியவரும் பயந்துபோய் அனுப்பியிருக்கலாம், அத்தை பயந்த மாதிரியே.

அத்தையின் பைபிளில் மூன்று இடத்தையும் அவரையே விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தட்டி, அந்தக் குரூப்பில் அவரே போட்டார்: “அது விடிவெள்ளி. 2 பேதுரு 1:19 எடுத்துப் பாருங்க.”